தந்நகரம், றன்னகரம், என் விசைப்பலகை

பார்வையில்லாத என்னிடம் பலரும் கேட்கும் கேள்வி, "எப்படிப் படிக்கிறாய்?" என்பது. போன் பேசும், நான் கேட்பேன் என்று சொன்னதும் அவர்களுக்குத் திருப்தியாகிவிடுகிறது. எப்படி எழுதுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ படிப்பைவிட எழுத்துதான் பெரிய விஷயம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பலகாரத் தொழிலின் எழுத்து வேலை முழுவதையும் நான்தான் பார்க்கிறேன். ஆர்டர், விலைப் பட்டியல், கூரியர் முகவரி, வாடிக்கையாளருக்குப் பதில் எல்லாம் என் கையால் போகின்றன. அதற்குப் பயன்படுவது, கைப்பையில் அடங்கும் ஒரு புளூடூத் விசைப்பலகை. அதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், அது எனக்கு வேகத்தைவிடப் பெரிய ஒன்றைத் தந்தது. தமிழின் எழுத்துகளை அது என் விரல்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

நான் பிறவியிலேயே பார்வையற்றவள். விடுதிப் பள்ளியில் பிரெய்லி படித்தேன். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெய்லிதான் தமிழுக்கும். ஆறு புள்ளிக் கட்டத்தில் இடப்பக்க மூன்று புள்ளிகளும் சேர்ந்தால் ல. வலப்பக்க மூன்றும் சேர்ந்தால் ள. ஒன்றையொன்று பார்த்து நிற்கும் அந்த இரண்டு எழுத்துகளையும் விரல்நுனியால் தடவிப் படித்த எவருக்கும் 'பல்லி', 'பள்ளி' குழப்பம் வராது. ஆனால் பெரிய வகுப்புகளுக்குப் போகப்போகப் பிரெய்லிப் புத்தகங்கள் குறைந்தன. பாடங்கள் ஒலிப்பதிவாக வந்தன. பொதுத் தேர்வில் விடையை நான் சொன்னேன், சொல்வதை எழுதுபவர் எழுதினார். என் தமிழ்த்தாளில் இருந்த அத்தனை ஒற்றும், அத்தனை ழகரமும் அவருடையவை. அதற்குப் பிறகு பேசும் போன் வந்தது. உலகமே காதுக்குள் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன், இன்றும் மகிழ்கிறேன். ஆனால் காதுக்கு ஒரு எல்லை உண்டு. ந, ன இரண்டும் இன்றைய தமிழ்ப் பேச்சில் ஒரே ஓசை. ர, ற அப்படித்தான். ல, ள, ண, ன ஆகியவற்றுக்கு வேறுபாடு இருந்தாலும், எங்களைப் போன்றவர்கள் வைத்துக் கேட்கும் வேகத்தில் அதுவும் கரைந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் காதால் மட்டும் தமிழ் படிப்பவருக்கு, அகராதியில் உள்ள சொற்கள் எல்லாம் தெரிந்திருக்கும். அவற்றின் எழுத்துகள் தெரியாமல் போயிருக்கும்.

இதைக் குறைபாடாகக் கருத வேண்டாம், பொருள் புரிந்தால் போதும் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஆறுதலை நான் ஏற்றுக்கொள்வதில்லை. எங்கள் செட்டிநாடு எதையும் எழுதி வைத்த சீமை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவர்களின் பேரேடுகள் இன்றும் பல வீடுகளில் பெட்டிகளில் கிடக்கின்றன. கல்யாணம் என்றால் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வந்த மொய்யை ஏட்டில் ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி தன் கணக்கையும் தன் கடிதத்தையும் தானே எழுத வேண்டும், பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று ஆசைப்படுவது அதிகப்படியான ஆசை அல்ல.

பேசி எழுத வைப்பதுதான் எல்லோரும் காட்டும் முதல் வழி. என் மதினியும் அதைத்தான் சொன்னார். "ஏத்தா, வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறதே, இந்தப் பலகை எதற்கு?" சின்னப் பதிலுக்கு நானும் வாயால்தான் சொல்கிறேன், 'நாளைக்கு அனுப்புகிறோம் ஆச்சி' என்பதற்கு விசை எதற்கு? ஆனால் எங்கள் வேலை நடக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் கட்டில் தேன்குழல் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும். மாவுருண்டைக்கு நெய் காயும். நான்கைந்து பெண்கள் பேசிக்கொண்டே சீப்புச் சீடை சுருட்டுவார்கள். பழைய செட்டிநாட்டு வீட்டின் உயரமான கூரையும் கற்றூண்களும் சேர்ந்து அத்தனை சத்தத்தையும் இரட்டிப்பாக்கித் திருப்பித் தரும். சுண்ணாம்பும் செங்கல்லுமாக எழுந்த கனத்த சுவர்களைத் தாண்டி உள்கட்டுக்கு அலைபேசி அலை சரியாக வருவதில்லை. இணையத்தை நம்பி இயங்கும் பேச்செழுத்து அங்கே பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். 'மனகோலம்', 'கந்தரப்பம்', 'கவுனி அரிசி' போன்ற எங்கள் ஊர்ச் சொற்களை அதற்கு யாரும் கற்றுக் கொடுக்கவுமில்லை. இவையெல்லாம் சரியாகிவிட்டாலும், சொல்வது வேறு, எழுதுவது வேறு. எழுதும்போது வாக்கியம் நடுவில் நிற்கும், திரும்பும், ஒரு சொல்லை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடும். அந்தத் தயக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் செய்ய முடியாது.

கண்ணாடித் திரையில் தட்டுவது இரண்டாவது வழி. திரையில் விரலை வைத்து நகர்த்தினால் அடியில் உள்ள எழுத்தைப் போன் சொல்லும். வேண்டிய எழுத்து வந்ததும் விரலை எடுத்தால் அது பதிவாகும். பல வருடம் இப்படித்தான் எழுதினேன். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பு முடிந்து முற்றத்தின் கருங்கல் தொடங்கும் இடத்தைப் பாதம் சொல்லிவிடும்; நிலைப்படி தட்டினால் அடுத்த கட்டு வந்துவிட்டது என்று தெரியும். கண்ணாடித் திரையோ எல்லையே இல்லாத பொட்டல். ஒவ்வொரு எழுத்துக்கும் வழி கேட்டுக்கொண்டே போக வேண்டும். விசைப்பலகையில் அந்த நிலைப்படிகள் இருக்கின்றன. எஃப் விசையிலும் ஜே விசையிலும் சின்ன மேடு. இரண்டு சுட்டுவிரலையும் அங்கே வைத்துவிட்டால் மற்ற எல்லா விசைக்கும் தூரம் தெரியும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையைப் பார்வையுள்ளவர்கள் பலர் இப்போது மறந்துவிட்டார்கள். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டித் தமிழாக மாற்றிக்கொள்வதே பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம் கண்ணுள்ளவருக்குச் சரி. மாற்றம் தப்பாக வந்தால் பார்த்துத் திருத்துவார். எனக்கு அது பெரும் இடர். ஆங்கிலத்தின் ஒரே 'என்' எழுத்து ந, ன, ண மூன்றில் எதுவாக மாறியது என்று காதால் எனக்குத் தெரியாது. தமிழ்99இல் அந்தச் சந்தேகமே எழுவதில்லை. உயிர் 12, மெய்வரிசை 18, புள்ளி ஒன்று, மொத்தம் 31 விசைகள். 247 எழுத்துகளும் அவற்றிலிருந்து பிறந்துவிடுகின்றன. உயிரெல்லாம் இடக்கையில், மெய்வரிசை பெரும்பாலும் வலக்கையில். புள்ளி, மேடுள்ள எஃப் விசையில், இடது சுட்டுவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது.

அந்த மெய்வரிசையை முதன்முதலில் விரலால் அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. பள்ளியில் எங்கள் தமிழாசிரியை ந என்றால் தந்நகரம், ன என்றால் றன்னகரம், ண என்றால் டண்ணகரம் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். தகரத்தோடு வருவது தந்நகரம். றகரத்தோடு வருவது றன்னகரம். டகரத்தோடு வருவது டண்ணகரம். தமிழ்99 பலகையில் த இருக்கும் விசைக்கு அடுத்த வலப்பக்க விசையே ந. றகரத்துக்கு வலப்பக்கம் ன. டகரத்துக்கு வலப்பக்கம் ண. பகரத்தை ஒட்டி ம, சகரத்தை ஒட்டி ஞ. வல்லினமும் அதன் இன மெல்லினமும் தோளோடு தோள் நிற்கின்றன. ககரமும் ஙகரமும் மட்டும் அடுத்தடுத்து இல்லை. ங கீழ் வரிசைக்குப் போய்விட்டது. ஆசிரியை வாயால் சொன்னதை யாரோ அறிஞர்கள் விசைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்!

தட்டும் விதமும் அதற்கு இசைந்தது. 'பந்து' என்பதில் ந தட்டி உடனே பக்கத்து விரலால் த தட்டினால் இடையில் புள்ளி தானாக விழுகிறது. 'நண்டு', 'கன்று', 'பஞ்சு', 'அம்பு' எல்லாம் அப்படியே, வலமிருந்து இடமாக இரண்டு விரல் உருள்வது போன்ற ஓர் அசைவு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினாலும் முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துவிடும். அம்மா என்பது அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. 'ந்ற' என்றோ 'ன்த' என்றோ தப்பாக எழுதப் போனால் கை தடுமாறுகிறது, அந்த அசைவு பழகியதாக இல்லை. இலக்கண நூலில் இனவெழுத்து என்று படித்தது கையின் பழக்கமாகிவிட்டது.

ல கீழ் வரிசையில், ள மேல் வரிசையில். சின்ன ர கீழ் வரிசையில், பெரிய ற மேல் வரிசையில். ழ மட்டும் கீழ் வரிசையின் வலக்கோடியில், சுண்டுவிரலுக்கு. 'வாழைப்பழம்' என்று தட்டினால் சுண்டுவிரல் இரண்டு முறை நீண்டு வரும். இப்போது எனக்கு ஒரு சொல்லின் எழுத்து சந்தேகமாக இருந்தால், மேசையில் வெறுங்கையால் தட்டிப் பார்க்கிறேன். விரல் எங்கே போகிறதோ அதுதான் எழுத்து. பிரெய்லி விட்டுப்போன இடத்தில் இது வந்து உட்கார்ந்தது. பணியாரம் டண்ணகரம் என்பதை நான் இனி மறக்க வாய்ப்பில்லை.

ஆனால் எல்லாப் புளூடூத் விசைப்பலகையும் இதற்கு ஆகிவிடாது. கடையில் வாங்கும்போது ஆங்கிலக்காரர்களுக்கு வேண்டிய இருபத்தாறு எழுத்தும் நன்றாக இருக்கிறதா என்றுதான் விற்பவர் பார்ப்பார். கையடக்கமாக்குவதற்காக வலக்கோடியிலுள்ள நிறுத்தக்குறி விசைகளைத்தான் முதலில் சுருக்குகிறார்கள். சிலவற்றில் அவற்றை வேறொரு விசையோடு சேர்த்து அழுத்தும்படி ஒளித்துவிடுகிறார்கள். அரைப்புள்ளி விசையில் இருப்பது ந. மேற்கோள் விசையில் ய. சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. சாய்கோட்டில் ழ. இவை நோஞ்சானாக இருந்தால் ஆங்கிலம் எழுதுபவருக்கு நட்டமில்லை, தமிழ் எழுதுபவருக்குப் பலகையே பயனில்லை. ஆகவே வாங்குமுன் வலது சுண்டுவிரலால் அந்த மூலையைத் தடவிப் பாருங்கள்; விசைகள் முழு அளவில், தம் இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாக மடங்கும் பலகைகளில் மடிப்பு எந்த விசைகளுக்கு நடுவே போகிறது என்றும் பாருங்கள். மடிப்பால் விசைகள் இடம் விலகினால் விரல் பழகிய தூரமெல்லாம் வீண். மடக்காத மெல்லிய பலகையே எனக்குப் பிடித்தது. அம்பு விசைகள் நான்கும் தனியாக, தடவினால் வடிவம் தெரியும்படி இருக்க வேண்டும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு எங்கள் நாள் முழுவதும் அந்த நான்கில்தான் போகிறது. மேடு தேய்ந்துபோனாலோ, வேறு விசைக்கு அடையாளம் வேண்டுமென்றாலோ, ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடலாம். என் பலகையில் ழகரத்தில் ஒரு பொட்டு இருக்கிறது.

போனோடு இணைக்கும்போது ஆறு இலக்க எண் ஒன்று திரையில் வரும். திரைவாசிப்பான் அதைப் படிக்கும். மேல் வரிசை எண்களில் தட்டி என்டர் அழுத்த வேண்டும். எண்ணை இருமுறை கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டு தட்டுவது நல்லது, நேரம் போனால் மறுபடி முதலிலிருந்து வரும். ஒரு தடவை இணைந்தால் அடுத்தடுத்துத் தானாகவே சேர்ந்துகொள்ளும். வெளி விசைப்பலகைக்குத் தமிழ்99 தரும் தட்டச்சுச் செயலியாகத் தேர்ந்துகொள்ளுங்கள். திரையில் தமிழ்99 காட்டுகிற எல்லாச் செயலியும் வெளிப் பலகைக்கும் அதைத் தருவதில்லை.

ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கில், பழைய வழக்கமான அமைப்புப்படி, ஆல்ட்டும் வலது அம்பும் சேர்த்தால் அடுத்த பொருள், ஆல்ட்டும் இடது அம்பும் முந்தைய பொருள், ஆல்ட்டும் என்டரும் அந்தப் பொருளைத் தட்டித் திறப்பதற்கு. விசைச் சேர்க்கை பிடிக்கவில்லையென்றால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். ஐபோனில் 2009 முதலே இருக்கும் வாய்ஸ்ஓவரில் கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்ந்த இணை அந்த வேலையைச் செய்கிறது. இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எழுத்தைத் திருத்துவதற்கான நான்கைந்து சேர்க்கைகளை மட்டும் முதலில் கைவரப்படுத்துங்கள்: சொல் சொல்லாக நகர்வது, ஷிப்ட்டோடு அம்பை அழுத்தித் தேர்வது, வெட்டுவது, ஒட்டுவது. கண்ணாடித் திரையில் ஒரு வாக்கியத்தின் நடுவே போய் ஒரு சொல்லைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். பலர் திருத்துவதற்குப் பதில் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். விசையில் அது நொடி வேலை. நான் எழுதியதை மூன்று முறை திருத்தி அனுப்பத் தொடங்கியது இந்தப் பலகை வந்த பிறகுதான்.

சின்னத் தொல்லைகளும் உண்டு. சும்மா இருந்தால் பலகை தூங்கிவிடும். எழுப்பும் முதல் தட்டு பெரும்பாலும் பதிவாவதில்லை. முதலில் ஷிப்ட்டை ஒருமுறை அழுத்திவிட்டு எழுதுவது என் வழக்கம். மின்சக்தி குறைந்தால் சின்ன விளக்கு எரியும், அது எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே வாரம் ஒரு நாள் என்று வைத்துச் சார்ஜ் போட்டுவிடுகிறேன். புளூடூத் இயர்போனில் குரல் ஒரு கணம் பிந்தி வருவதால் வேகமாக எழுதும்போது தட்டுக்கும் ஒலிக்கும் இடையே இடைவெளி விழுகிறது. ஒயர் உள்ளதே நல்லது. பையில் வைக்குமுன் பலகையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் போன் அது இணைந்திருப்பதாக எண்ணித் திரைப்பலகையைக் காட்டாது; அவசரத்துக்கு எழுத முடியாமல் நிற்பீர்கள். சில பணச் செயலிகள் தாம் திரையில் வரையும் எண்பலகையை மட்டுமே ஏற்கும். அங்கே விரலால்தான் தடவ வேண்டும். நடந்துகொண்டே எழுதவும் இது ஆகாது. ஒரு கையில் வெண்கோல் இருக்கும்போது மடியில் பலகை வைக்க இடமேது? அப்போது திரையிலேயே பிரெய்லி தட்டும் வசதியோ, வாய்ச்சொல்லோதான்.

காரைக்குடிக்குப் பஸ்ஸில் போகும்போது போன் பைக்குள்ளேயே இருக்கும், திரையை இருட்டாக்கி வைத்திருப்பேன். பலகை மடியில், இயர்போன் காதில். பக்கத்திலிருப்பவருக்கு நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. இதன் அருமை கண்ணுள்ளவர்களுக்கு உடனே புரிவதில்லை. என் வாழ்நாளில் நான் எழுதியவை எல்லாம் யாரோ ஒருவர் காது வழியாகவோ கை வழியாகவோதான் போயின. தோழிக்கு எழுதிய கடிதம் அண்ணன் கை வழியாகப் போனது. அண்ணன் தங்கமானவர், ஒரு சொல்லையும் வெளியில் சொன்னதில்லை. ஆனால் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் நான் சொல்லும் சொல்லே வேறாகிவிடும். 1808 வாக்கில் இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் பார்வையிழந்த ஒரு சீமாட்டிக்காகத் தட்டச்சு இயந்திரம் ஒன்று செய்து கொடுத்தார். உலகின் முதல் தட்டச்சு இயந்திரங்களில் ஒன்று அது. இயந்திரம் மிஞ்சவில்லை, அந்த அம்மையார் அதில் தட்டிய கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. பார்வையற்ற ஒரு பெண் தன் கடிதத்தைத் தானே எழுத வேண்டும் என்ற தேவையும் தட்டச்சின் பிறப்பில் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் வருகிறது.

தேவகோட்டையில் கல்லூரி படிக்கும் ஒரு பெண்ணுக்கு இப்போது தமிழ்99 பழக்கிக்கொண்டிருக்கிறேன். அவள் பிரெய்லியே தொடாமல், போன் குரலிலேயே வளர்ந்தவள், கூர்மையான பிள்ளை. எந்தச் சொல்லில் ந, ன, ண மூன்றில் எது வரும் என்று தெரியாமல், கேட்டபடி எழுதிக்கொண்டிருந்தாள். அவளைப் போன்ற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பள்ளிகளில் பிரெய்லியை விடாமல் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே என் முதல் ஆசை. அதற்கு அடுத்து, பேசும் போன் கொடுக்கும்போதே தமிழ்99 பழக ஒரு விசைப்பலகையையும் கொடுங்கள். ஆயிரம் ரூபாய்ச் சுமாரில் கிடைக்கிறது. புள்ளிகள் எழும்பும் பிரெய்லிக் கருவிகளின் விலை இதைப்போல் பல மடங்கு.

திரைவாசிப்பான் செய்பவர்களிடமும் ஒரு கோரிக்கை. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்ந்து படிக்கும்போது, சற்று நின்றால் 'ஆல்ஃபா', 'பிராவோ' என்று எழுத்துக்கு ஒரு சொல் சொல்லி ஐயத்தைத் தீர்க்கிறது குரல். நான் கேட்ட தமிழ்க் குரல்களில் ந மீது நின்றாலும் ன மீது நின்றாலும் ஒரே ஓசைதான் வருகிறது. அங்கே 'தந்நகரம்' என்றும் 'றன்னகரம்' என்றும் சொல்லட்டும். பட்டியலைத் தேடி அலைய வேண்டாம், எந்தத் தமிழாசிரியரைக் கேட்டாலும் கிடைக்கும். பதினெட்டு மெய்க்கும் அப்படியொரு பட்டியலை நானே தட்டி வைத்திருக்கிறேன். கேட்பவருக்கு இன்றே அனுப்புவேன்.